தப்பான பதிலுக்குக் கட்டமில்லை: குழந்தை வளர்ச்சிக் கோட்பாடுகளும் நமது வகுப்பறைகளும் - சில குறிப்புகள்

1

ஆசிரியர் பயிற்சி முடித்த எல்லோர் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய ரெக்கார்டு நோட்டு கிடக்கும். என்னிடமும் ஒன்று இருக்கிறது, பழுப்புத்தாள் அட்டை போட்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கற்பித்தல் பயிற்சிக்காகப் போன ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் நான் செய்த ‘உளவியல் சோதனைகள்’ அதில் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். முப்பது வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது அது.

செங்கல் சூளைக்கு வேலைக்கு வந்த இருளர் குடும்பத்துச் சிறுமி. ஒண்ணாம் வகுப்பு, ஆறு வயசு இருக்கும். புளியங்கொட்டைகளை ஏழு ஏழாக இரண்டு வரிசையில் அவள் முன்னால் வைத்தேன். ‘ரெண்டு வரிசையிலயும் ஒரே அளவா இருக்கா, எதுலயாவது ஜாஸ்தியா இருக்கா?’ ஒரே அளவு என்றாள். பிறகு அவள் கண்ணெதிரே ஒரு வரிசையை மட்டும் இடைவெளி விட்டு நீட்டி வைத்தேன். அதே கேள்வியைத் திரும்பக் கேட்டேன். கொட்டைகளைப் பார்க்காமல் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நீண்ட வரிசையைக் காட்டி, ‘இதுலதான் ஜாஸ்தி’ என்றாள்.

ரெக்கார்டில் இப்படி எழுதினேன்: ‘அளவு மாறாமைக் கருத்து உருவாகவில்லை. முன்செயல்பாட்டு நிலை.’ அதோடு நிறுத்தியிருக்கலாம். ‘முடிவு’ என்ற தலைப்பின் கீழ், ‘பின்தங்கிய குடும்பச் சூழல் காரணமாக வளர்ச்சியில் தாமதம்’ என்று சேர்த்தேன். கீழே சிவப்பு மையில் ‘நன்று’ என்று ஒரு கையெழுத்து.

எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. கொட்டைகளை அள்ளிக்கொண்டிருந்தபோது அந்தச் சிறுமி கேட்டாள்: ‘ரெண்டாவது தபா ஏன் சார் கேட்டீங்க? மொதல்ல சொன்னது தப்பா?’

இதை எழுத ரெக்கார்டில் கட்டம் இல்லை. ‘சோதனைப் பொருள்கள்’, ‘செய்முறை’, ‘குழந்தையின் பதில்’, ‘முடிவு’ ஆகியவற்றுக்குத்தான் கட்டம் இருந்தது. குழந்தை நம்மைத் திருப்பிக் கேட்டால் அதை எங்கே எழுதுவது?

நம் நண்பர்கள் மத்தியில் கல்விக் கோட்பாடு பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இரண்டு நிலைப்பாடுகளைப் பார்க்கிறேன். ‘ஆய்வு நிரூபித்துவிட்டது, அதன்படி செய்’ என்பது ஒன்று. ‘இதெல்லாம் மேற்கத்திய நடுத்தரவர்க்கக் குழந்தையை வைத்துக் கட்டியவை, தூக்கிப்போடு’ என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே தப்பைத்தான் செய்கின்றன என்பது என் கட்சி. இரண்டுமே கோட்பாட்டை முடிவுகளின் மூட்டையாகப் பார்க்கின்றன. அந்த முடிவுக்குப் போன வழி, அதாவது குழந்தையிடம் கேள்வி கேட்ட விதம், இரண்டின் கண்ணிலும் படுவதில்லை.

2

வரலாற்றைக் கொஞ்சம் பார்க்கலாம். பிரான்சில் ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும் 1905இல் ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். பள்ளியில் தனிக்கவனம் தேவைப்படும் குழந்தைகளைக் கண்டுபிடிப்பது அதன் நோக்கம். அறிவுத்திறன் பிறப்பிலேயே நிலைத்துப்போன ஒரு அளவு, அதைக் கூட்டவே முடியாது என்ற கருத்தை பினே 1909இலேயே வன்மையாக மறுத்திருக்கிறார். ஆனால் அளவுகோல் கடல் தாண்டி அமெரிக்கா போய், 1916இல் லூயி டெர்மனின் கையில் ஸ்டான்ஃபோர்டு - பினே சோதனையாக மாறியபோது, பரம்பரைத் திறனை அளக்கும் கருவியாகிவிட்டது. உதவி செய்யப் பிறந்த கருவி, தரம் பிரித்து ஒதுக்கும் கருவியானது. ஆய்வு ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகும்போது அதன் கேள்வி கழன்று விழுந்துவிடுகிறது. அளவுகோல் மட்டும் போய்ச் சேருகிறது.

இந்தச் சோதனைகளின் நிழலில்தான் ழான் பியாஜே தன் வேலையைத் தொடங்கினார். 1919இல் பாரிஸ் போன அவருக்கு, சிரில் பர்ட் என்ற ஆங்கிலேயர் தயாரித்த அறிவுச் சோதனைகளைப் பாரிஸ் குழந்தைகளுக்கேற்பத் தரப்படுத்தும் வேலை தரப்பட்டது. சரியான பதில்களை எண்ண வேண்டியதுதான் வேலை. அவரோ தப்பான பதில்களில் சிக்கிக்கொண்டார். ஒரே வயதுக் குழந்தைகள் ஒரே மாதிரி தப்பு செய்கிறார்களே, ஏன்? அந்தத் தப்புக்குள் ஒரு தர்க்கம் இருக்க வேண்டுமே? கேள்வித்தாளை ஒதுக்கிவிட்டுக் குழந்தைகளோடு உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். ‘ஏன் அப்படி நினைக்கிறாய்?’ என்று கேட்டு, வருகிற பதிலைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். குழந்தை என்பது பாதி நிரம்பிய பெரியவர் அல்ல, தனக்கென்று ஒரு ஒழுங்கோடு உலகத்தைக் கட்டிக்கொள்கிற உயிர் என்ற புரிதல் அந்தப் பேச்சிலிருந்து வந்தது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஆசிரியர் தகுதித் தேர்வில் 150 கேள்விகள். அதில் 30 ‘குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும்’ என்ற பகுதிக்கு. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பியாஜேயின் இன்ன நிலை எந்த வயதில் வரும்? வைகாட்ஸ்கியோடு தொடர்புடைய கருத்து எது? சரியான விடைகளை எண்ணும் வேலையிலிருந்து தப்பி ஓடிய மனுஷனைப் பிடித்துவந்து அதே கட்டத்துக்குள் அடைத்துவிட்டோம். இந்தத் தேர்வு சாதாரண விஷயமும் இல்லை. ஓய்வுபெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருக்கிற, ஏற்கெனவே பணியில் உள்ள ஆசிரியர்களும் இதில் தேர்ச்சி பெற்றாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. பிழைப்பே தொங்குகிறது. பிழைப்பு தொங்கும் இடத்தில் யார் ‘ஏன்’ என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்? மனப்பாடம்தான்.

3

என் புளியங்கொட்டைக்குத் திரும்புகிறேன். அந்தச் சிறுமி கேட்டது அசட்டுக் கேள்வி அல்ல என்று எனக்குத் தெரிய ரொம்ப வருஷம் ஆயிற்று.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மார்கரெட் டொனால்ட்சனும் ஜேம்ஸ் மெக்காரிகிளும் 1974இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பியாஜேயின் அதே இரண்டு வரிசைதான். ஆனால் வரிசையைக் கலைப்பது பெரியவர் அல்ல. ஒரு பொம்மைக் கரடி ‘சேட்டை’ பண்ணிக்கொண்டு வந்து கலைத்துவிடுகிறது. பெரியவர் நீட்டி வைத்தபோது எண்ணிக்கை மாறிவிட்டது என்ற குழந்தைகளில் கணிசமானோர், கரடி கலைத்தபோது ‘அதே அளவுதான்’ என்றார்கள். அதே ஆண்டு சூசன் ரோஸ், மரியன் பிளாங்க் இருவரும் இன்னும் எளிமையான ஒன்றைச் செய்தார்கள். மாற்றுவதற்கு முன்னால் கேட்கும் முதல் கேள்வியையே விட்டுவிட்டு, மாற்றிய பிறகு ஒரே ஒரு தடவை கேட்டார்கள். ஆறு வயதுக் குழந்தைகளின் தவறுகள் குறைந்தன.

அப்படீன்னா என்ன அர்த்தம்? பெரியவர் ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால், முதல் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை என்று குழந்தை எடுத்துக்கொள்கிறது. வகுப்பறையில் அதுதானே வழக்கம்? ‘நல்லா யோசிச்சுச் சொல்லு’ என்று வாத்தியார் சொன்னால் பதிலை மாத்து என்று அர்த்தம். அந்தச் சிறுமி கொட்டைகளைப் படிக்கவில்லை, என்னைப் படித்தாள். அதுவும் யார் என்னைப் படித்தது? ஊருக்கு வெளியே சூளையில் தங்கி, பேன்ட் போட்டவர் குரலில் என்ன இருக்கிறது என்று கணித்துப் பிழைக்கக் கற்றுக்கொண்ட ஒரு குடும்பத்தின் குழந்தை. அந்தக் கூர்மைக்கு நான் வைத்த பெயர் ‘வளர்ச்சியில் தாமதம்’.

இதைச் சொல்லும்போது ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். பியாஜே பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கரடிச் சோதனைக்கும் மறுப்பு வந்தது. கரடியின் கூத்தில் கவனம் போய்விடுவதால், எண்ணிக்கை உண்மையிலேயே மாறும்போதுகூடக் குழந்தைகள் கவனிக்காமல் ‘அதே அளவு’ என்று சொல்லக்கூடும் என்றார்கள். விவாதம் முடியவில்லை. ஆனால் இந்த விவாதம் நடந்த விதத்தைப் பாருங்கள். குழந்தை ஏன் அப்படிச் சொன்னது என்ற கேள்வியை விடாமல், பியாஜேயின் கேள்வியை பியாஜேயின் மீதே திருப்பியிருக்கிறார்கள். நமக்குப் பாடத்திட்டத்தில் வந்து சேர்ந்தது இந்த விவாதம் அல்ல, நான்கு நிலைகளும் வயசு அட்டவணையும்தான்.

4

‘பியாஜேயை விடுங்கள், வைகாட்ஸ்கி சமூகத்தைப் பேசினார், மார்க்சியர், அவரை எடுத்துக்கொள்வோம்’ என்று தோழர்கள் சொல்வார்கள். சரி, எடுத்துக்கொள்வோம். முழுசாக எடுத்துக்கொள்வோம்.

பியாஜே பிறந்த அதே 1896இல் பிறந்து, 1934இல் காசநோயில் இறந்தவர் லெவ் வைகாட்ஸ்கி. குழந்தை இன்று தனியாகச் செய்ய முடிவதை மட்டும் அளந்தால் நேற்றைய வளர்ச்சியைத்தான் அளக்கிறோம், இன்னொருவர் துணையோடு எதைச் செய்ய முடிகிறது என்பதில்தான் நாளை தெரியும் என்றார். ‘அண்மை வளர்ச்சி மண்டலம்’ என்று நாம் சொல்வது இதைத்தான். இந்த மண்டலம் குழந்தையின் மண்டைக்குள் இல்லை. குழந்தைக்கும் துணை நிற்பவருக்கும் நடுவில் இருக்கிறது. ஆக, ‘இந்தக் குழந்தையின் மண்டலம் சிறியது’ என்று சொன்னால் அதில் பாதிப் பழி சொல்பவர் மேலே விழும். இதை நம் பயிற்சி வகுப்புகளில் யாரும் சொல்வதில்லை. ‘சாரம் கட்டுதல்’ என்ற சொல்லை அவர் தலையில் கட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். (அந்த உவமையைக் கொண்டுவந்தவர்கள் 1976இல் வுட், புரூனர், ராஸ் ஆகிய மூவர்.)

வைகாட்ஸ்கியின் சகா அலெக்சாண்டர் லூரியா 1931-32இல் உஸ்பெகிஸ்தான் கிராமங்களுக்குப் போனார். எழுத்தறியாத விவசாயிகளிடம் ஒரு புதிர் போட்டார். பனி பெய்யும் தூர வடக்கில் கரடிகளெல்லாம் வெள்ளை. இன்ன ஊர் தூர வடக்கில் இருக்கிறது. அங்கே கரடி என்ன நிறம்? நான் போய்ப் பார்த்ததில்லையே, பார்த்தவரைக் கேளுங்கள் என்கிற மாதிரிப் பதில்கள் வந்தன. லூரியா இதைச் சிந்தனை இன்னும் எட்டாத ஒரு கட்டமாக வாசித்தார். சமூக மாற்றத்தை நம்பிய மனிதர், ஏணியையும் நம்பினார். பார்க்காததைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன் என்பது ஒரு அறிவொழுக்கம் என்று வாசிக்க இடம் இருந்தது. பள்ளிக்கூடம் போனவர்களுக்குத்தான், கேட்பவர் பதிலைத் தெரிந்துகொண்டே கேட்பார் என்ற விளையாட்டு பழகியிருக்கும்.

பிறகு நடந்ததும் முக்கியம். 1936 ஜூலையில் சோவியத் கட்சி ‘பெடாலஜி’ என்ற குழந்தையியல் துறையையே தடை செய்தது. சோதனைகளைச் சகட்டுமேனிக்கு நடத்தி, தொழிலாளர், விவசாயிக் குழந்தைகளைத் தனிப்பள்ளிகளுக்கு ஒதுக்கிவிட்டார்கள் என்பது அந்த ஆணையின் குற்றச்சாட்டு. குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. ஆனால் அதோடு சேர்த்து, அந்தச் சோதனைகளைக் கடுமையாக விமர்சித்த வைகாட்ஸ்கியின் எழுத்தும் இருபது ஆண்டுகள் அச்சேறாமல் கிடந்தது. அளவுகோலை உடைக்கிறேன் என்று கேள்வியையும் சேர்த்து உடைத்தார்கள். ‘மேற்கத்தியச் சரக்கு, தூக்கிப்போடு’ என்கிற நம் நண்பர்கள் இதை ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

5

தமிழ்நாட்டில் இந்த ஆய்வுகள் வகுப்பறைக்குள் வந்த பெரிய நிகழ்வு செயல்வழிக் கற்றல். ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் உருவான முறையை அடியொற்றி, 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுக்கப் பரவியது. பெஞ்சும் மேடையும் போயின. பிள்ளைகளோடு வாத்தியாரும் தரையில் உட்கார்ந்தார். சுவரில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. ஆசிரியர் துணையோடு கற்பவர்கள், சக மாணவர் துணையோடு கற்பவர்கள், தானே கற்பவர்கள் என்று குழுக்கள். வைகாட்ஸ்கியின் வாடை இதில் இருக்கிறது என்பது தெரிகிறதல்லவா?

நானும் அப்படித் தரையில் உட்கார்ந்தவன். பயம் குறைந்ததை என் கண்ணால் பார்த்தேன். முதல் பெஞ்சு, கடைசி பெஞ்சு என்ற சாதி வரைபடம் கலைந்ததையும் பார்த்தேன். அதை யாரும் குறைத்துப் பேசினால் சண்டைக்குப் போவேன். ஆனால் அதே வகுப்பில் நான் மெல்ல மெல்ல அட்டை எடுத்துக் கொடுக்கிறவனாகவும் ஆனேன். ஏணிப்படி சுவரில் இருக்கிறது. குழந்தை எந்தப் படியில் நிற்கிறது என்று அதுவே சொல்லிவிடும். எந்த அட்டை முடிந்தது, அடுத்த அட்டை எது? அட்டையை ஒரு குழந்தை ஏன் வேறு மாதிரிப் படித்தது என்று கேட்க அட்டையிலேயே இடமில்லை. ரெக்கார்டில் இல்லாமல் போன அதே கட்டம்தான்.

அடுத்து 2022இல் எண்ணும் எழுத்தும் வந்தது. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் ஏற்பட்ட இழப்பை ஈடுகட்டுவது தேவையான வேலை, மறுக்கவில்லை. பிள்ளைகளை வயசை வைத்து அல்லாமல் இப்போது என்ன தெரியும் என்பதை வைத்துக் குழுவாக்கிக் கற்பிப்பது பலன் தரும் என்பதற்கு, பிரதம் அமைப்போடு சேர்ந்து பானர்ஜி, டஃப்லோ முதலானோர் செய்த ஆய்வுகள் வலுவான சான்று. என் கேள்வி வேறு. அரும்பு, மொட்டு, மலர் என்று குழுக்களுக்கு அழகான பெயர் வைத்தோம். எத்தனை பள்ளிகளில் அது ‘அவன் அரும்பு சார்’ என்று ஆனது? குழந்தை இருக்கும் இடத்தின் பெயர் குழந்தையின் பெயராக மாற எத்தனை நாள் பிடித்தது?

பெயர் வைப்பது வெறும் பெயர் வைப்பது அல்ல. உத்தரப்பிரதேசத்தின் கிராமங்களில் கர்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் நடத்திய ஆய்வு 2004இல் வெளியானது. உயர்சாதி என்று சொல்லிக்கொள்ளும் சாதிகளிலிருந்து 321 மாணவர்கள், தலித் மாணவர்கள் 321 பேர். வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சாதியை அறிவிக்காதபோது இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. எல்லோர் முன்னிலையிலும் சாதியைச் சொல்லி அறிவித்தபோது தலித் மாணவர்களின் செயல்திறன் சரிந்தது. மூளை அதே மூளை. உரக்கச் சொன்ன ஒரு சொல் நடுவில் வந்து நின்றது. 2023 நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு நீதிபதி சந்துரு குழு 2024இல் தந்த அறிக்கை, பிள்ளைகளின் கையில் கட்டும் வண்ணக் கயிற்றைத் தடைசெய்யச் சொன்னது. சொல்லால் கட்டும் கயிறு ஒன்று இருக்கிறது. அதைக் கட்டுகிறவர்கள் நாங்கள், வாத்தியார்கள். வளர்ச்சிக் கோட்பாட்டின் பெயராலும் கட்டுகிறோம். என் ரெக்கார்டு அதற்குச் சாட்சி.

6

கடைசியாக ஒரு எச்சரிக்கை. இவ்வளவு சொன்ன பிறகு, ‘அப்போ உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும், பள்ளிக்கூடம்தான் மோசம்’ என்ற இடத்துக்கு வழுக்கிப் போகிற ஆபத்து இருக்கிறது. நானே கொஞ்ச காலம் அங்கே இருந்தேன்.

பிரேசிலின் ரெசீஃபே நகரத் தெருக்களில் இளநீரும் எலுமிச்சையும் விற்கிற ஐந்து பிள்ளைகளை நூனஸ், கராஹெர், ஷ்லீமன் ஆகியோர் ஆராய்ந்து 1985இல் வெளியிட்டார்கள். வியாபாரத்தின் நடுவே கேட்ட கணக்குகளில் 98.2 சதவீதம் சரி. அதே கணக்குகளைப் பள்ளிக்கூட பாணியில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 36.8 சதவீதம்தான் சரி. நம்மில் பலர் இதை மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறோம். ஆனால் 2025இல் பானர்ஜி, டஃப்லோ குழுவினர் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளிடம் கண்டதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். சந்தைப் பிள்ளைகள் சிக்கலான கணக்கை மனசிலேயே போட்டார்கள், பள்ளிக் கணக்கில் தடுமாறினார்கள். பக்கத்துப் பள்ளிகளில் படிக்கும், வியாபார அனுபவம் இல்லாத 471 பிள்ளைகளோ பள்ளிக் கணக்கைப் போட்டார்கள், சந்தைக் கணக்கில் விழுந்தார்கள். ஒரு பக்கத்து அறிவு இன்னொரு பக்கத்துக்குத் தானாக நடந்துபோகவில்லை. சந்தைப் பிள்ளைக்கு எழுத்துக் கணக்கு வேண்டாமா? கட்டாயம் வேண்டும். கூலிச் சீட்டும், கடன் பத்திரமும், மேல்படிப்பின் வாசலும் அந்த மொழியில்தான் இருக்கின்றன. அதைக் கொடுக்காமல் ‘உங்க அறிவே பெரிய அறிவு’ என்று பாராட்டிவிட்டுப் போவது இன்னொரு வகைத் துரோகம்.

நடுவில் பாலம் போட வேண்டிய ஆள் ஆசிரியர். பாலம் போட, இந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவர் தெரிந்துகொண்டாக வேண்டும். அதை எந்த ஆய்வும் அவருக்காகத் தெரிந்து தர முடியாது. எப்படிக் கேட்பது என்று மட்டும்தான் ஆய்வு சொல்லித்தர முடியும். அவ்வளவே அது தரக்கூடியது, அதுவே பெரிது.

நான் வேண்டுவது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. பதில் சரியாக இருந்தாலும் தப்பாக இருந்தாலும் ‘எப்படிடா போட்ட?’ என்று ஒரே குரலில் கேட்பது. தப்புக்கு மட்டும் கேட்டால் பிள்ளை கண்டுபிடித்துவிடும், அந்தச் சிறுமி கண்டுபிடித்த மாதிரி. தப்பான பதில்களை அடித்துவிடாமல் ஒரு நோட்டில் அப்படியே பிள்ளையின் வார்த்தையில் எழுதி வைப்பது. குறுவளமையக் கூட்டங்களில் பவர்பாயிண்ட் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் பாதியை இந்த நோட்டுகளைப் பிரித்து வைத்துப் பேசுவதற்குக் கேட்டு வாங்குவது. இணையதளத்தில் விவரம் ஏற்றுகிற வேலையைக் குறை என்று நம் சங்கங்கள் போராடுகின்றன. குறைத்துக் கிடைக்கும் நேரத்தில் என்ன செய்வோம் என்பதையும் சேர்த்துச் சொல்லிப் போராடினால் அது கல்விக்கான போராட்டமாக இருக்கும்.

அந்தச் சிறுமி மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். சூளை இடம் மாறிவிட்டதாம். என் ரெக்கார்டு காரணம் என்று சொல்ல மாட்டேன், அவ்வளவு பெரிய ஆள் நான் இல்லை. அந்தச் சோதனைப் பக்கத்தில், சிவப்புக் கையெழுத்துக்குக் கீழே, அவள் கேட்ட கேள்வியைப் போன மாதம் எழுதிச் சேர்த்தேன். முதலில் அவள் சொன்னது தப்பு இல்லை என்றும் எழுதினேன். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லவில்லை. இதைப் படிக்கும் ஆசிரிய நண்பர்களிடமும் இப்படி ரெக்கார்டுகள் இருக்கும். எடுத்துப் பாருங்கள். விடுபட்டதை எழுதி அனுப்புங்கள். விவாதத்தை அங்கிருந்து தொடங்கலாம்.